டோர்வி போகாத திங்கட்கிழமை

என் கணவர் டோர்வி எந்த வேலையையும் திங்கட்கிழமை தொடங்கியவர் இல்லை. வீட்டுக்குச் சாயம் அடிப்பதானாலும் பல் பிடுங்கிக்கொள்வதானாலும் செவ்வாய் வரை காத்திருப்பார். அவர் மட்டுமல்ல, எங்கள் ஊர் மேலவிக்கில் படகு வைத்திருக்கிற எல்லோருமே கிட்டத்தட்ட அப்படித்தான். பருவத்தின் முதல் நாளாகத் திங்கட்கிழமை கடலுக்குப் போனால் அந்த வருஷம் உருப்படாது என்பது இங்கே பால் பல் விழாத குழந்தைக்கும் தெரியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவள், தராசுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். இதைச் சொல்லிச் சண்டை போட்டே எங்கள் இல்லற வாழ்க்கையில் பாதி ஓடிவிட்டது.

அரசாங்கமோ கோடைக்காலத் தூண்டில் மீன்பிடிப்பைத் திங்கள் முதல் வியாழன் வரைதான் அனுமதிக்கிறது. இருப்பதே வாரத்துக்கு நான்கு நாள், அதில் ஒன்றை எப்படி விடுவது? அதற்கும் எங்கள் ஆண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முந்தின சனிக்கிழமை படகை எடுத்துக்கொண்டு அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே போவார்கள். வெறும் தூண்டிலைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டு வந்து காபி குடிப்பார்கள். அவ்வளவுதான், பருவம் சனிக்கிழமையே தொடங்கிவிட்டது என்று கணக்கு. அதன் பிறகு திங்கட்கிழமை தாராளமாகப் போகலாம்.

"யாரை ஏமாத்துறீங்க, கடலையா, உங்களையா?" என்று டோர்வியிடம் ஒருமுறை கேட்டேன்.

"கடலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் வெளியில சொல்லிக்கிறதில்ல. நீ ஏன் நடுவுல வர்ற?" என்றார்.

டோர்வி பிறந்தது துறைமுகத்துக்கு மேலே இருக்கிற மஞ்சள் வீட்டில். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஹெர்ரிங் மீன் உப்பு போடும் மேடையில் பீப்பாய் உருட்டப் போனவர். அந்த நாளில் ஹெர்ரிங் இந்தக் கரையில் கொட்டிக் கிடந்தது. எங்கெங்கிருந்தோ பெண்கள் மீனுக்கு உப்பு போட வந்து ஊரே திருவிழாவாக இருக்குமாம். பிடித்தது போதும், நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. பிறகு ஒரு கோடையில் மீன் வரவில்லை. ஜனங்கள் தினமும் போய் படகுத்துறையில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த கோடையிலும் வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டோர்வியின் அப்பா மட்டும் கிளம்பாமல் அந்தக் குளிர்காலம் முழுவதும் சமையலறை ஜன்னலிலேயே நின்றாராம். அதைப் பற்றி டோர்வி அதிகம் பேசமாட்டார். ஆனால் இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று மீன்பிடிப்பை மூடும்போது மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டினால், இவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பார்.

வாலிபத்தில் பெரிய இழுவலைக் கப்பல்களில் வேலை பார்த்தார். எங்கள் ஊர்க் கம்பெனிக்கு இருந்த மீன் கோட்டாவை, அதாவது இத்தனை மீன் பிடிக்கலாம் என்ற உரிமையை, தெற்கே யாரோ வாங்கிக்கொண்டு போனபோது கப்பலும் போனது, மீன் பதனிடும் ஆலையும் போனது. ஆலையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் தராசுக்கு வந்தேன். சத்தியப் பிரமாணம் எடுத்து, எடை போட அரசாங்க முத்திரை வாங்கினேன். டோர்வி 'சூலா' என்று ஒரு சின்னப் படகு வாங்கினார். ஒரு ஆள் நிற்கிற அறை, நான்கு தூண்டில் உருளைகள், அவ்வளவுதான். கோடையில் சின்னப் படகுகளும் தூண்டில் போடலாம் என்று சட்டம் வந்ததும் அந்த மனிதருக்கு மறுபடி உயிர் வந்தது. பதினைந்து வயதிலிருந்து அவர் மீன் இறக்காத வருஷம் ஒன்றுகூடக் கிடையாது. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடை மீன்பிடிப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே பானை. எல்லாப் படகும் அதிலிருந்துதான் அள்ள வேண்டும், தீர்ந்த அன்று எல்லோருக்கும் மூடிவிடுவார்கள். மேற்குக் கரையில் மே மாதமே கொழுத்த காட் மீன் கரையருகே வந்துவிடும். எங்கள் வடகிழக்கு மூலைக்குப் பெரிய மீன் வருவது ஜூலை பாதிக்கு மேல்தான். அதுவரை முழங்கை நீளத்துக்குப் பொடிசாகத்தான் கிடைக்கும். ஆகப் பந்தியில் கடைசி வரிசை எங்களுடையது. நாங்கள் உட்காரும்போது பெரும்பாலும் பாத்திரம் காலியாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் டோர்விக்கு இருமல் வந்தது. இருமல்தானே என்று இருவரும் விட்டுவிட்டோம். அகுரேரி நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்னப் பெண், பேத்தி வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நுரையீரல் இரண்டிலும் பரவிவிட்டது. மருந்து ஏற்றலாம், நாளைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். வசந்தமும் ஜூன் மாதமும் மருந்திலேயே போயின. ஜூலை நடுவில் ஒரு வாரம் இடைவெளி விடுவதாகவும், அந்த வாரம் உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும் என்றும், அதற்கடுத்த மருந்து கடுமையானது என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு எப்படி இருக்கும் என்று டோர்வி கேட்டார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரில் திரும்பும்போது அவர் சொன்னார்: "ஒரு நாள் போதும் ஒட்னி. சூலாவை எடுத்துட்டுப் போறேன், ஒரு தொட்டி மீன் கொண்டாறேன், நீ எடை போடு. அது நடந்துட்டா அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஊசி வேணும்னாலும் குத்தட்டும்."

நான் சரி என்றேன். அந்த ஒரு நாளுக்காக நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இடைவெளி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். ஞாயிறு சாயங்காலம்தான் வீட்டுக்கு விட்டார்கள். திங்கட்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. எங்கள் கடலில் அப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம். ஒவ்வொரு படகாக வெளியே போய்க்கொண்டிருந்தது. டோர்வி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மேசையில் கருவாட்டைக் கிழித்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கிளம்பலையா?"

"நாளைக்கு."

"நாளைக்கு என்ன நாளைக்கு? பானை காலியாகப் போவுதுன்னு ஊரே பேசிக்குது."

"வியாழன் வரைக்கும் தாங்கும். பக்கத்து வீட்டு லாருஸும் அதான் சொல்றான்."

"லாருஸ் சொல்றான்! அவன் இந்நேரம் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போயிட்டான். நீ இங்க உட்கார்ந்து கருவாடு தின்னுட்டிருக்க."

"அவன் மே மாசமே தொடங்கிட்டான். எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். சனிக்கிழமை தூண்டிலை நனைக்கலையே நான்."

"சனிக்கிழமை நீ கையில ஊசியோட படுத்திருந்த! சொல்லியிருந்தா நானே போய் நனைச்சுட்டு வந்திருப்பேன்."

அதற்கு அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "நீயா? படகுத்துறையில கட்டின கயிறு ஆடினாலே உனக்குக் குமட்டும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த வருஷம் மட்டும் வேணாம் ஒட்னி. கையில ஒரே ஒரு நாள்தான் இருக்கு. அதைப் போய் திங்கட்கிழமையில வைக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

பயப்படுகிற மனிதரிடம் என்ன வாதாடுவது? கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் தாண்டியதும் லாருஸ் முதலில் திரும்பி வந்தான். டோர்வியிடம் வாயடிக்காமல் அவனுக்கு ஒரு நாள் போகாது. தொட்டியைக் கிரேனில் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் குழந்தையைப் போலத் தூக்க வேண்டிய மீன். கோடை முழுவதும் நாங்கள் காத்திருந்த பெரிய காட் வந்துவிட்டிருந்தது.

"உன் வீட்டுக்காரனை எழுப்பி விடு! நாளைக்கு எனக்கு முன்னாடி போயிடப் போறான்!" என்று லாருஸ் கத்தினான்.

எடையைப் பதிந்துவிட்டு பூட்ஸோடு வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதை ஊரே பார்த்திருக்கும். டோர்வி எண்ணெய்த்துணியை வைத்துத் தூண்டில் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் முகம் மலர்ந்தது. எந்தப் பக்கம், எத்தனை ஆழம், வயிற்றில் என்ன இரை இருந்தது என்று கேள்விமேல் கேள்வி. எனக்கு எடையைத் தவிர எதுவும் தெரியாது என்றேன். "அது போதும்" என்றார். காலையில் அவரைத் திட்டியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய மீன் வந்திருக்கிறது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

சாயங்காலச் செய்தியில் அறிவித்தார்கள். கோடைத் தூண்டில் மீன்பிடிப்புக்கான இந்த ஆண்டின் அளவு எட்டப்பட்டுவிட்டது, இன்றோடு நிறுத்தம், நாளை முதல் எந்தப் படகும் இந்த அனுமதியில் மீன் பிடிக்கக் கூடாது. அதற்கடுத்து வானிலை சொன்னார்கள். நாளையும் காற்று இல்லையாம்.

டோர்வி எழுந்து ரேடியோவை அணைத்தார். துடைத்து வைத்த கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. "உன் பாழாய்ப்போன திங்கட்கிழமை!" என்று கத்தினேன். "ஒரு நாள் இருந்துச்சு! கண்ணாடி மாதிரி கடல்! நீ வெண்ணெய் தடவிட்டிருந்த!" இன்னும் என்னென்னவோ கத்தினேன். மேற்குக்காரர்களைத் திட்டினேன், மந்திரியைத் திட்டினேன், ஹெர்ரிங் மீனைக்கூட விடவில்லை.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். "மூடினதுல தப்பு இல்ல. மூடலைன்னா என்ன ஆகும்னு நான் பார்த்தவன். தப்பு என்னோடது" என்றார். பிறகு பெட்டியின் மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதார். திருமணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கிட்டே போய் தலையை இழுத்து என் வயிற்றோடு வைத்துக்கொண்டேன், நானும் அழுதேன்.

மறுநாள் லாருஸ் வந்தான். தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான். "வீட்டுச் சமையலுக்குப் பிடிக்கலாம் டோர்வி. அதை யாரும் தடுக்க மாட்டாங்க. சும்மா ஒரு தூண்டில் போட்டு நாலு மீன் எடுத்துட்டு வா. நானும் வரேன்" என்றான்.

"அது டூரிஸ்ட் வேலை. இறக்காத மீன், எடை போடாத மீன், அதைப் பிடிச்சா என்ன, பிடிக்கலைன்னா என்ன?"

"பிடிவாதக்காரக் கிழவா."

"நீ எனக்கு எட்டு வயசுதான் சின்னவன், உனக்கும் கிழடு தட்டுது" என்றார். ஆனால் குரலில் உயிர் இல்லை. அன்று முழுக்கச் சமையலறை ஜன்னலில் நின்றார். அவருடைய அப்பா நின்ற ஜன்னல் இது இல்லை, அந்த மஞ்சள் வீட்டை எப்போதோ விற்றாகிவிட்டது. ஆனாலும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

புதன்கிழமை காலை அவருடைய மேல்சட்டையைக் கொண்டுபோய் மடியில் போட்டேன்.

"கிளம்பு. என்னைக் கூட்டிட்டுப் போ."

"எங்க?"

"கடலுக்குத்தான். நீ மீன் பிடிக்கிற இடத்துக்கு. இத்தனை வருஷமா எங்கே போறன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்லியிருக்க. இப்பதான் மூடியாச்சே, எவன் வந்து உன் இடத்தைத் திருடப் போறான்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாந்தி எடுப்ப."

"எடுத்துட்டுப் போறேன்."

எடுத்தேன். கலங்கரை விளக்கத்தைத் தாண்டும் முன்பே எடுத்தேன், தாண்டிய பிறகும் எடுத்தேன். டோர்வி சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வீட்டில் நாற்காலிக்கு நாற்காலி பிடித்து நடந்த மனிதர் படகில் அந்தச் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பிடிக்காமல் நின்றார். நெடுநேரம் போனோம். தேவாலயத்தின் கோபுரம் மலைப்பிளவுக்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைத்து எஞ்சினை அணைத்தார். "இதுதான்" என்றார். எனக்கு மற்றத் தண்ணீரைப் போலத்தான் இருந்தது.

மீன் காட்டும் திரையைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் தடித்த சிவப்புப் பட்டை. "எல்லாம் மீன். பெருசு. வந்துட்டாங்க" என்றார். விருந்தாளிகளைச் சொல்வது போலச் சொன்னார். அவருடைய கை உருளைக்குப் போனது, அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது, திரும்பி வந்து சட்டைப் பையில் புகுந்துகொண்டது. அதைப் பார்த்ததும் என் குமட்டல் நின்றுவிட்டது.

அறையின் மூலையில் பழைய கைத்தூண்டில் ஒன்று மரச்சட்டத்தில் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒட்னி, வேண்டாம்."

"நான் டூரிஸ்ட். ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறேன். உன்னை யாரு கேட்டா?"

கொக்கியை விட்டேன். அது இறங்கிக்கொண்டே இருந்தது. தரை தட்டியதும் கொஞ்சம் தூக்கி ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். யாரோ கீழிருந்து பிடித்து இழுத்தது போல என் கை இரண்டும் படகின் விளிம்பில் போய் இடித்தன.

"விடாத! முரட்டுத்தனமா இழுக்காத, அது ஓடட்டும்! இப்ப இழு, இழு, அடியே இழுன்னா!" டோர்வி என் பின்னால் வந்து நின்று கத்தினார். அந்தக் குரலை நான் ஒரு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. உள்ளங்கை எரிய எரிய இழுத்தேன். பச்சையாகத் தண்ணீருக்குள் அது திரும்பியது தெரிந்தது. அவர் குனிந்து கொக்கிக் கழியால் ஒரே வீச்சில் அதை மேலே கொண்டுவந்தார்.

அது பலகைமேல் விழுந்து துள்ளியதில் படகே அதிர்ந்தது. எத்தனையோ ஆயிரம் டன் மீனை எடை போட்டவள் நான். எல்லாம் ரத்தம் வடித்து, குடல் எடுத்து, ஐஸில் புதைத்து வந்தவை. ஒரு மீன் கடலைவிட்டு வர இத்தனை மறுக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் இதோடு தனியாக நின்று மல்லுக்கட்டிவிட்டு வந்து என் எதிரில் பேசாமல் எடைச் சீட்டில் கையொப்பம் போட்டிருக்கிறார்.

"எவ்வளவு இருக்கும்?" என்றார் மூச்சு வாங்க.

"என்னைக் கேட்காத. தராசு இல்லாம நான் சொல்றதில்ல."

அவர் கத்தியால் முறைப்படி ரத்தம் வடித்தார், கடல்நீரில் கழுவினார். "இன்னொண்ணு?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். எஞ்சினைப் போடாமல் கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் என் தோளில் கை போட்டிருந்தார். பிறகு திரும்பினோம்.

துறைமுகத்தில் பழக்க தோஷத்தில் படகைக் கிரேன் அடியில் கொண்டுபோய்க் கட்டினார். மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கிக்கொண்டு படியேறினார். நான் பின்னால் வந்தேன். வீட்டுக்குப் போகிற வழி தராசு மேடையை ஒட்டித்தான். அதன் எதிரில் போனதும் அவர் கால் நின்றது.

அன்று துறைமுகத்தில் வேறு யாரும் இல்லை. சாவி என் கழுத்தில்தான் தொங்கியது. அந்தத் தராசில் ஏறும் எடை நேரே தலைநகருக்குப் போய்விடும், படகின் பேரில் இறக்கிய மீனாக நிற்கும். மூடிய பிறகு இறக்கினால் சூலாவின் அனுமதி போய்விடும், என் முத்திரையும் போய்விடும். அதெல்லாம் அவருக்கும் தெரியும். அவர் தராசின் எஃகுத் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அவர் மீனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அன்று உருளைக்கிழங்கோடு வேகவைத்து, வெண்ணெய் உருக்கி ஊற்றி, லாருஸையும் கூப்பிட்டுச் சாப்பிட்டோம். அடுத்த மருந்துக்கு டோர்வியின் உடம்பு தாங்கவில்லை. அக்டோபரில், மலையில் முதல் பனி விழுந்த வாரம், போய்விட்டார். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றியே பேசுகிறார்கள், அன்றைக்குப் போயிருக்கலாமே என்கிறார்கள். நான் அதைப் பற்றி நினைப்பதில்லை. தராசுக்கு எதிரில் அவர் நின்ற அந்த நேரத்தைத்தான் நினைக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எடை போட்டிருப்பேன். போடுவேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.